பழைய ஹோம் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? அலமாரிக்கு ஒன்று, மேஜைக்கு ஒன்று, சுவருக்கு வேறொன்று

பழைய ஹோம் கம்ப்யூட்டர்களின் படங்களை இணையத்தில் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் எல்லாமே மேலிருந்து எடுத்தவையாகத்தான் இருக்கும். கீபோர்டு முழுவதும் தெரியும், பெயர் பொறித்த பட்டை தெரியும், மூலையில் இருக்கும் வானவில் கோடும் தெரியும். அந்த அழகில் மயங்கி ஒன்றை வாங்கி, ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியில் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் அங்குல உயரத்தில் ஏதோ கறுப்பாகப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் பழைய டிவிடி பிளேயரா என்று கேட்பார்கள்.

இது அந்த மெஷின்களின் குறை அல்ல. 1977-லிருந்து அடுத்த பத்தாண்டுகளில் வந்த ஹோம் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை, வீட்டு டிவியோடு இணைத்து, முன்னால் உட்கார்ந்து குனிந்து பார்ப்பவருக்காக வடிவமைக்கப்பட்டவை. சாய்வு, எழுத்து, நிறம் எல்லாமே அந்தப் பார்வைக் கோணத்துக்காகச் செய்தவை. ஆகவே "எது அழகு?" என்று கேட்பதற்கு முன், "எங்கே வைக்கப் போகிறேன்?" என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் முதல் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

நான் இங்கே எடுத்துக்கொண்டது ஐந்து: சின்கிளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, பிபிசி மைக்ரோ, அடாரி 800 எக்ஸ்.எல்., ஆப்பிள் 2சி. வேகம், மெமரி, கேம்ஸ் பற்றியெல்லாம் பேசப் போவதில்லை. வெளித்தோற்றம் மட்டும்தான், அதுவும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆளின் கண்ணோட்டத்தில்.

அலமாரி என்றதும் கமடோர் பெட் மெஷினை விட்டுவிட்டீர்களே என்று சிலர் கேட்கக்கூடும். 1977-இல் வந்த அந்த மெஷின் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் கம்பீரமாக நிற்கும், மறுக்கவில்லை. திரை, கீபோர்டு, கேசட் டெக் மூன்றும் ஒரே உடம்பில். மேலே பக்கங்கள் சரிந்த அந்தத் திரைப் பெட்டியைப் பார்த்தாலே விண்வெளிக் கதைகள் நினைவுக்கு வரும். பாடி முழுக்கத் தகடு. கமடோருக்குக் கனடாவில் அலுவலக இரும்பு அலமாரிகள் செய்யும் ஆலை இருந்தது. தகடு வளைக்கத் தெரிந்த ஆட்கள் கையில் இருக்கும்போது பிளாஸ்டிக் அச்சுக்கு ஏன் பணம் போட வேண்டும்? மேல்பாகத்தைத் தூக்கி, உள்ளே இருக்கும் கம்பியை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டுச் சாவகாசமாக ரிப்பேர் பார்க்கலாம். ஆனால் எடையும் அதிகம், அடைக்கும் இடமும் அதிகம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆகும் கூலியை நினைத்தால் ஆசை தானாக அடங்கிவிடும். பார்த்து ரசிக்க அருங்காட்சியகம் இருக்கிறது.

சரி, ஐந்துக்கு வருவோம். மிகச் சிறியது ஸ்பெக்ட்ரம். 1982 ஏப்ரலில் வந்தது. 16 கே (கிலோபைட்) மெமரி உள்ள மாடல் 125 பவுண்டு, 48 கே மாடல் 175 பவுண்டு. வடிவமைத்தவர் ரிக் டிக்கின்சன். 233 மி.மீ. அகலம், 144 மி.மீ. ஆழம், 30 மி.மீ. உயரம். கையில் எடுத்தால் ஒரு சிலேட்டைப் பிடித்திருப்பது மாதிரிதான். செலவைக் குறைப்பதுதான் முழு நோக்கம், ஆனால் அந்தக் கஞ்சத்தனம் கண்ணுக்குத் தெரியாதபடி செய்ததில்தான் டிக்கின்சனின் திறமை. 40 விசைகளையும் தனித்தனியாகச் செய்யாமல் ஒரே ரப்பர் விரிப்பாக வார்த்து, அடியில் அழுத்தத்தை உணரும் மெம்ப்ரேன் தாளை வைத்து, மேலே துளையிட்ட மெல்லிய உலோகத் தகட்டை ஒட்டிவிட்டார்கள். வேலை முடிந்தது.

அந்தத் தகட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். 'பி' விசையை எடுத்துக்கொள்வோம். ரப்பரின் மேல் வெள்ளையில் எழுத்து, அதோடு 'பிரின்ட்' என்ற கட்டளை, சிவப்பில் மேற்கோள்குறி. விசைக்கு மேலே தகட்டில் பச்சையில் 'டேப்' என்ற இன்னொரு கட்டளை. கீழே சிவப்பில் பதிப்புரிமைக் குறி. ஒரே விசைக்கு ஐந்து வேலை. எண் விசைகளுக்கு மேலே நீலம், சிவப்பு, மஞ்சள் என நிறங்களின் பெயர்கள் அந்தந்த நிறத்திலேயே அச்சாகியிருக்கும். இவ்வளவையும் திணித்த பிறகும் நெரிசலாகத் தெரியவில்லை என்றால் அதற்குக் கறுப்புப் பின்னணிதான் காரணம். வலது ஓரத்தில் சாய்வாக ஓடும் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலக் கோடுகள் வெறும் அலங்காரமும் இல்லை. அதற்கு முந்தைய இசட்.எக்ஸ். 81-இல் கறுப்பு வெள்ளை மட்டும்தான். இதில் கலர் வரும் என்று கடைக்கு வருகிறவருக்கு வாய் திறக்காமல் சொல்லிவிடுகிறது அந்தக் கோடு.

ஆனால் ஸ்பெக்ட்ரத்தின் அழகு முழுவதும் மேல்பரப்பில்தான். முன்னாலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. பின்பக்கம் அதைவிட மோசம்: உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டின் ஓரமே விரிவாக்க இணைப்பாக வெளியில் தெரியும். பவர் ஸ்விட்ச்கூடக் கிடையாது, வயரைப் பிடுங்கித்தான் அணைக்க வேண்டும். அதனால் இதை அலமாரியில் வைப்பது வீண். கொஞ்சம் ஆழமான சட்டத்தில் பொருத்திச் சுவரில் மாட்டினால், ஐந்தில் வேறு எதற்கும் வராத எடுப்பு இதற்கு வரும். எடை குறைவு, தடிமனும் குறைவு. ஓர் ஆணி போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தகடு. உள்ளே மெம்ப்ரேன் மாற்றுவதற்காக முன்பு யாராவது தகட்டைக் கழற்றியிருந்தால் அவசரத்தில் வளைத்திருப்பார்கள். நேர் எதிரில் எடுத்த படத்தில் அந்த வளைவு தெரியாது. விளக்கொளி சாய்வாக விழும்படி ஒரு படம் கேளுங்கள். கறுப்பு என்பதால் மஞ்சளாகும் கவலை இல்லை, அது பெரிய நிம்மதி.

கமடோர் 64-ஐ அழகு என்று சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. வெளிநாட்டு ரசிகர்கள் வைத்த செல்லப் பெயரே 'பிரெட் டப்பா'. 404 மி.மீ. அகலம், 216 மி.மீ. ஆழம், 75 மி.மீ. உயரம், முன் ஓரம் உருண்டு வழியும், நிறம் மண்ணும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு பழுப்பு, அதன்மேல் அடர் பழுப்பு விசைகள். வடிவம்கூட இதற்கென்று புதிதாகப் போட்டதில்லை. முந்தைய மாடலான விக்-20-இன் வெளிக்கூட்டையே நிறம் மாற்றி எடுத்துக்கொண்டார்கள். 1982-இல் 595 டாலருக்கு 64 கே தருவதென்றால் எங்காவது மிச்சம் பிடித்துத்தானே ஆக வேண்டும்.

டைப் செய்பவருக்கு அந்த உயரம் சங்கடம். முன் ஓரமே மேஜையிலிருந்து நன்றாக எழும்பி நிற்பதால் மணிக்கட்டை மடக்கித்தான் விரல் வைக்க வேண்டும். ஆனால் அதே உயரம் அலமாரியில் கைகொடுக்கிறது. இந்த விசைகளின் மேல்பக்கத்தில் எழுத்து, முன்பக்கச் சரிவில் கட்டம், கோடு, வளைவு, சீட்டுக்கட்டுச் சின்னம் என்று ஆளுக்கு இரண்டு வரைகுறிகள் அச்சாகியிருக்கும். வலப்பக்கக் குறிக்கு ஷிப்ட், இடப்பக்கக் குறிக்குக் கமடோர் சின்னம் போட்ட விசை. எண் விசைகளின் முன்பக்கத்தில் நிறப் பெயர்கள் மூன்றெழுத்துச் சுருக்கமாக இருக்கும். மேலிருந்து எடுக்கும் படங்களில் இவை சரியாகத் தெரிவதே இல்லை. கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் வரிசை வரிசையாக அந்தக் குறிகள்தான் முதலில் கண்ணில் படும். ஸ்பெக்ட்ரம் தன் எழுத்துகளை வானத்தைப் பார்த்து வைத்திருக்கிறது, கமடோர் 64 நம்மைப் பார்த்து வைத்திருக்கிறது. அலமாரிக்கு இது சின்ன விஷயமில்லை.

1986-இல் வந்த சி64சி மாடலைப் பார்த்தால் நிலைமை தலைகீழ். மெலிந்த உடம்பு, வெளிர் நிறம், ஒழுங்கான கோடுகள். அந்தக் காலத்தில் வாங்கியவர்களுக்கு இதுதான் நவீனம். இன்று பார்த்தால் எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த எத்தனையோ ஆபீஸ் கீபோர்டுகளில் ஒன்றாகத்தான் தெரிகிறது. பிரெட் டப்பாவை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார். டைப் செய்யத்தான் வேண்டும் என்றால் சி64சி. இல்லாவிட்டால் பழைய கூடே.

நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சமிருக்கும் மூன்றுக்கும் இதுதான் பெரிய தலைவலி. அந்தக் கால ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்கப் புரோமின் கலந்த சேர்மங்களைச் சேர்த்தார்கள். வெயிலும் வயதும் சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கிவிடும். கூடு ஒரு நிறத்திலும், ஸ்பேஸ் பார் வேறு நிறத்திலும் மாறியிருப்பது சகஜம், ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு கலவை என்பதால். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவி வெயிலிலோ புற ஊதா விளக்கிலோ வைத்து நிறத்தை மீட்கும் 'ரெட்ரோபிரைட்' முறை 2008 வாக்கில் பரவியது. நம் ஊர் வெயிலுக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் அதுவேதான் ஆபத்தும்: களிம்பு ஓரிடத்தில் உலர்ந்துவிட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. சரியாகச் செய்தாலும் சில வருடங்களில் மஞ்சள் திரும்பி வந்த கதைகள் நிறைய. பிரெட் டப்பாவும் மஞ்சளாகும், ஆனால் அதன் மூல நிறமே மங்கல் என்பதால் பாதிக்கு மேல் மறைந்துவிடும். வெளிர் நிற மெஷின்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அந்த வெளிர் நிறக் கோஷ்டியில் அழகி யாரென்றால் அடாரி 800 எக்ஸ்.எல். அதன் அழகு புரிய, 1979-இல் வந்த முன்னோடி அடாரி 800-ஐப் பார்க்க வேண்டும். டிவியோடு இணையும் கருவிகள் ரேடியோ அலைகளைக் கசியவிடக் கூடாது என்று அமெரிக்காவில் அப்போது கடுமையான விதி. அதற்காக உள்ளே தடித்த அலுமினிய வார்ப்பு ஒன்றை வைத்து, அதைச் சுற்றி பிளாஸ்டிக் போர்த்தினார்கள். அதனால்தான் டைப்ரைட்டரின் கனமும் பருமனும் வந்தன. பிறகு விதி தளர்ந்தது, அலுமினியக் கவசத்துக்குத் தேவையில்லாமல் போனது, உடம்பும் இளைத்தது. 1983-இல் வந்த 800 எக்ஸ்.எல்.-இல் மேல்பாதி வெண்ணெய் நிறம், கீபோர்டைச் சுற்றி அடர் பழுப்பு, வலது ஓரத்தில் ரீசெட், ஆப்ஷன், செலக்ட், ஸ்டார்ட், ஹெல்ப் என்று உலோகப் பளபளப்பில் ஐந்து பொத்தான்கள் மேலிருந்து கீழாக வரிசை. பின்பகுதியில் காற்றுத் துளைகளே வரிவரியாக வடிவத்தோடு கலந்துவிட்டன. ஐந்தில், எந்தப் பக்கம் திருப்பினாலும் அலுக்காத மெஷின் இதுதான். மஞ்சளாகாத ஒன்று கிடைத்தால், வைக்க இடம் வெயில் படாத மேஜையாக இருந்தால், யோசிக்கவே வேண்டாம். ஆனால் மஞ்சளான எக்ஸ்.எல். பார்க்கச் சகிக்காது. வெண்ணெய்க்கும் பழுப்புக்கும் இடையேயான அந்த வேறுபாடுதான் முழு வடிவமைப்பே. அது கலங்கிவிட்டால் மிச்சம் எதுவுமில்லை.

பிபிசி மைக்ரோவுக்கு நம் நாட்டோடு ஒரு சொந்தம் உண்டு. எண்பதுகளின் நடுவில் பள்ளிகளில் கணினிக் கல்விக்காக மத்திய அரசு கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்தில் வந்த மெஷின் இதுதான். செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் லிமிடெட் நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இங்கேயே செய்தும் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய் இந்தச் சிவப்பு விசைகளைப் பார்த்த தலைமுறை இன்றும் இருக்கிறது. அவர்களுக்கு ஒப்பீடெல்லாம் தேவையில்லை, நேரே இதைத்தான் வாங்குவார்கள்.

மற்றவர்களுக்கு: 1981-இல் வந்த இதன் வெளிக்கூட்டை வடிவமைத்தவர் ஆலன் பூத்ராய்ட், மெரிடியன் ஆடியோ கருவிகளுக்கும் உருவம் கொடுத்தவர். அந்த ஆடியோக்காரப் பதவிசு இதிலும் தெரியும். வெளிர் கூடு, கறுப்பு விசைகள், அதற்கு மேலே ஆரஞ்சுச் சிவப்பில் பத்து ஃபங்ஷன் விசைகள், ஒரு மூலையில் புள்ளிகளால் ஆன ஆந்தைச் சின்னம். அலங்காரம் அவ்வளவுதான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஃபங்ஷன் விசைகளுக்கு மேலே இருக்கும் ஒளிபுகும் பட்டை. எந்த மென்பொருளில் எந்த விசை என்ன செய்யும் என்று ஒரு காகிதத் துண்டில் எழுதி அதன் அடியில் செருகிக்கொள்ளலாம். பயன்படுத்துகிறவர் தன் கையெழுத்தில் முடித்துவைக்க ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார் வடிவமைப்பாளர். பழைய காகிதத் துண்டு உள்ளேயே இருக்கும் மெஷின் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலைகூடக் கொடுக்கலாம்.

சிக்கல் அளவில். ஏறக்குறைய 16 அங்குல அகலம், 13 அங்குலத்துக்கு மேல் ஆழம். நம் வீட்டு ஷோகேஸ்களின் ஆழம் இதற்குப் பற்றாது, மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க் டிரைவ், பிரின்டர் இணைப்புகளெல்லாம் முன் ஓரத்தின் அடியில் இருப்பதால் வயர்களை அடிவழியாகத்தான் விட வேண்டும். இது மேஜை மெஷின். மேஜையில் இதற்கென்று இடம் ஒதுக்க முடியாதவர்கள் வாங்காமல் இருப்பது நல்லது.

ஆப்பிள் 2சி-யைப் பற்றி எழுத நிறைய இல்லை, ஏனென்றால் அதில் குறை கண்டுபிடிப்பதே கஷ்டம். 1984-இல் ஹார்ட்மட் எஸ்லிங்கரின் ஃபிராக்டிசைன் நிறுவனம் ஆப்பிளுக்காக உருவாக்கிய 'ஸ்னோ ஒயிட்' பாணியின் முதல் மெஷின். கூடு முழுக்க ஓடும் 2 மி.மீ. அகலக் கோடுகள்தான் அந்தப் பாணியின் அடையாளம். கனமான பிளாஸ்டிக்கை மெலிந்ததாகக் காட்டும் தந்திரம் அது. பின்னால் இருக்கும் கைப்பிடியை மடக்கிவிட்டால் அதுவே முட்டாகி மெஷின் முன்பக்கம் சாயும். இதற்கென்றே வந்த சிறிய திரையை அதன் ஸ்டாண்டோடு சேர்த்து வைத்தால், அலமாரியில் கண் மட்டத்தில் இதற்கு நிகர் இந்த ஐந்தில் இல்லை. ஆனால் விலை அதிகம். அதோடு, அமெரிக்காவில் விற்ற மெஷினின் பவர் அடாப்டர் 110 வோல்ட். நம் ஊர்ச் சுவரில் நேரே செருகினால் ஒரே நிமிடத்தில் கதை முடிந்துவிடும். திரை இல்லாத 2சி மட்டும் என்றால் அதன் அழகில் பாதிதான் கிடைக்கும், விலையோ பாதியாகாது.

ஆக, சுவரென்றால் ஸ்பெக்ட்ரம், பெரிய மேஜையென்றால் பிபிசி, வெயில் படாத சிறிய மேஜையென்றால் அடாரி, பணம் தடையில்லாத அலமாரியென்றால் திரையோடு ஆப்பிள் 2சி. ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன், எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை என்பவருக்கு நான் சொல்வது கமடோர் 64-இன் பழைய கூடு. அழகுப் போட்டியில் அது ஜெயிக்காது. ஆனால் மேஜையிலும் நிற்கும், அலமாரியிலும் நிற்கும். கொஞ்சம் மஞ்சளானாலும் முகம் சுளிக்க வைக்காது. ஓர் அக்ரிலிக் சாய்வு ஸ்டாண்டு வாங்கிப் பின்பக்கத்தை உயர்த்திவிட்டால் மேல்பக்க எழுத்தும் முன்பக்கக் குறிகளும் ஒருசேரத் தெரியும். ஐரோப்பாவில் விற்ற மாடலாகப் பார்த்து எடுத்தால் 230 வோல்ட் பிரச்சினை இல்லை. ஆனால் மெஷினோடு வரும் பழைய பவர் சப்ளையை மட்டும் நம்பி ஆன் செய்யாதீர்கள். அது கெட்டுப்போகும்போது 5 வோல்ட்டுக்குப் பதில் கூடுதலாகக் கொடுத்து உள்ளே இருக்கும் சிப்புகளைப் பொசுக்கிவிடும். புதிதாகச் செய்து விற்கும் பவர் சப்ளைகள் கிடைக்கின்றன, முதலில் அதை வாங்குங்கள்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம், தோற்றம் மட்டும் போதும் என்றால் நகல்களும் இருக்கின்றன. ரெட்ரோ கேம்ஸ் நிறுவனம் 2019-இல் கமடோர் 64-இன் முழு அளவு நகலையும், 2024-இல் ஸ்பெக்ட்ரத்தின் நகலையும் கொண்டுவந்தது. இரண்டிலும் கீபோர்டு வேலை செய்யும், பின்னால் யு.எஸ்.பி.-யும் எச்.டி.எம்.ஐ.-யும் இருக்கும், இன்றைய டிவியில் நேரே செருகலாம். ஸ்பெக்ட்ரம் நகலில் ரப்பர் விசைகளும் வானவில்லும் அப்படியே. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர் நகலுக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. கமடோர் நகலில் கூட்டின் வளைவெல்லாம் சரியாக வந்திருக்கிறது, ஆனால் கமடோர் என்ற பெயருக்கு உரிமம் இல்லாததால் பட்டையில் 'தி சி64' என்றுதான் இருக்கும். அலமாரியில் வைத்தால் நெருங்கி வருகிறவர் முதலில் படிப்பது அந்தப் பட்டையைத்தான். எனக்கென்றால் அந்த ஒரு காரணம் போதும், பழைய மெஷினையே தேடுவேன்.